எதிர்ப்பக்கத்து மாஸ்டர்

புதுச்சேரிக்காரி பிலோமின், கபிரியேல் மாஸ்டரிடம் ஒன்பது வருடம் ஜூடோ கற்றவள். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அந்த வழியில் குடியுரிமை கிடைத்ததும் பாரிஸுக்குப் போய், பிரான்ஸுக்காகப் போட்டியிடத் தொடங்கினாள். அதன்பிறகு ஐந்து வருடம் மாஸ்டரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

தாஷ்கண்டில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் இருவரும் சந்தித்தார்கள். மாஸ்டர் இப்போது இந்திய அணியின் பயிற்சியாளர். அவருடைய மாணவி, மணிப்பூரைச் சேர்ந்த மேம்சா, அன்று பிலோமினின் எதிராளி. ஜெயிப்பவள் ஒலிம்பிக் போவாள். தோற்பவளுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

போட்டிக்கு முன் பிலோமின் அவர் எதிரே போய்க் குனிந்து வணங்கினாள்.

“பாரிஸ்ல சோறு போடறதில்லையா? துரும்பா இருக்கே.”

“எடை ஏறக் கூடாது மாஸ்டர்.”

“அது சரி.”

“மூணு கடிதாசு போட்டேன்.”

“வந்துது.”

“நான் போனது தப்பா மாஸ்டர்?”

மாஸ்டர் மேம்சாவின் பெல்ட் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“கூப்பிடறாங்க, போ” என்றார்.

ஜூடோவில் பயிற்சியாளருக்கு மெத்தை ஓரத்தில் ஒரு நாற்காலி உண்டு. நடுவர் ஆட்டத்தை நிறுத்தும்போது மட்டும் அவர் வாய் திறக்கலாம். முப்பது வருடத்தில் கபிரியேல் மாஸ்டர் அந்த விதியை மீறியதில்லை. மேம்சாவுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவளுக்கு இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது நிமிடம். இருவருக்கும் புள்ளி இல்லை. மேம்சா வேகமாக உள்ளே புகுந்தாள். பிலோமினின் இடது கால் பின்தங்கி நின்றது. பத்து வயதிலிருந்தே அவளிடம் இருந்த குறை அது.

“இடது காலை எடு!”

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் குரல் வந்தது. தமிழில் வந்தது.

பிலோமின் யோசிக்கவில்லை. கால் எழுந்தது. வாரிவிட வந்த மேம்சாவின் கால் காற்றில் போனது. அடுத்த நொடி மேம்சா மல்லாந்து கிடந்தாள். முழுப் புள்ளி; அதோடு ஆட்டம் முடிந்தது.

நடுவர் மாஸ்டரை அரங்கை விட்டு வெளியேறச் சொன்னார். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்.

எதிராளியை வணங்கிவிட்டு பிலோமின் வெளியே ஓடினாள். தாழ்வாரத்தில் அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் மாஸ்டர் இப்படிச் செஞ்சீங்க?”

“கால் அங்கேயே நின்னுது. பார்த்தேன்.”

“உங்களை இனிமே அணியில வச்சிருப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“என்னைத் திட்டவாவது செய்யுங்க.”

“ஒன்பது வருஷம் திட்டியாச்சு. கால் திருந்தலையே.”

பிலோமின் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

“அங்க நாலு பேர் எனக்குச் சொல்லித் தர்றாங்க மாஸ்டர். எல்லாரும் கெட்டிக்காரங்க. யாராவது கத்தினா, உங்க குரலான்னு திரும்பிப் பார்ப்பேன். எங்கூட ஒரு பத்து நிமிஷம் உட்காருங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

தாழ்வாரத்தின் கோடியில் மேம்சா சுவரோரம் குந்தி, சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

மாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பிலோமினின் தலையில் ஒரு முறை கை வைத்தார்.

“நீ போய் டீ குடி, பிலோ. அங்க அழறது என் மாணவி.”