மூன்று இறகும் ஒரு குடிசையும்

ஸ்காட்லாந்து மலைநாட்டில் மக்ரூவன் என்றொரு குலம். அந்தக் குலத்தில் தொப்பியில் மூன்று கழுகு இறகு செருகும் உரிமை தலைவருக்கு மட்டும்தான். பரம்பரைத் தலைவர் ஆலஸ்டர் துரை அந்த உரிமைக்கு ஒரு கதையும் வைத்திருந்தார். போரில் தோற்ற முப்பாட்டனார் மலை உச்சியில் ஒளிந்தாராம், கழுகு ஒன்று சிறகால் மூடிக் காத்ததாம். அந்த அசல் இறகுகள் கோட்டையில் ஒரு வெள்ளிப் பேழைக்குள் இருந்தன.

குலவிழா அன்று, விருந்தாளிகள் நிறைந்த கூடத்துக்கு முட்டைக்காரி இஷ்பெல்லை வரவழைத்தார் துரை. அவள் குடிசை இருந்த இடத்தில் அவருக்கு வேட்டை மாளிகை கட்டியாக வேண்டும்.

"முப்பாட்டன் காலத்திலேருந்து அங்கேதான் இருக்கீங்களாமே? அத்தாட்சி காட்டு. இல்லேன்னா இன்னைக்கே மூட்டையைக் கட்டு!"

"அத்தாட்சி உங்க பேழைக்குள்ளேதான் இருக்கு துரை. உங்க முப்பாட்டனார் ஒளிஞ்சது எங்க வீட்டுக் கோழிக்கூடைக்குள்ளே. விடிஞ்சு எழுந்தப்போ தலையிலே ஒட்டியிருந்ததுதான் அந்த மூணு இறகு."

"பொய்!"

"அப்போ திறங்க. கழுகு இறகா இருந்தா இப்பவே கிளம்பிடறேன்."

"திறங்கள், திறங்கள்!" என்று விருந்தாளிகள் நாற்காலியை நெருக்கிப் போட்டார்கள். பேழைக்குள் இருப்பதை ஒருமுறை பார்த்தவர் துரை.

"சாவி தொலைஞ்சு போச்சு."

"அடடா! கிடைக்கிற வரைக்கும் குடிசையிலேயே இருக்கட்டுமா துரை?"

"இருந்து தொலை!"

வேட்டை மாளிகை வேறு மலைக்குப் போனது. சாவி இன்றுவரை கிடைக்கவில்லை. துரையின் இடுப்பிலேயேதான் தொங்குகிறது.