நரைமுடி இடம்

நல்லாம்பட்டணத்து வைத்தியக் கூடத்தில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பால்மணம் மாறாத வயதில் செய்யுளை நெட்டுருப் போடத் தொடங்கி, மீசை அரும்புவதற்குள் மருந்து நூல் முழுவதையும் ஒப்பிக்க வேண்டும். ஆனால் கூடத்தைக் கட்டிய புண்ணியவான் ஒரு வழியும் விட்டுவைத்திருந்தார். ஆண்டுக்கு ஓர் இடம், படிப்பும் இல்லாத, வயதும் கடந்த ஒருவருக்கு. ஊரார் அதை நரைமுடி இடம் என்பார்கள். ஆனால் ஒருமுறை முயன்று தோற்றவர் மறுபடி அந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது.

அந்த இடத்துக்குத்தான் ஆசைப்பட்டாள் வெற்றிலைக் கொடிக்கால்காரி வேலம்மை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துப் பேரனும் பார்த்தாயிற்று, இனி இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஊர் சிரித்தது. சிரிப்பவர்களுக்கு என்ன தெரியும்? ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது அவள் ஊர். வெள்ளம் வந்தால் வைத்தியர் வரமாட்டார். அப்படியொரு வெள்ளத்தில்தான் அவள் தங்கை காய்ச்சலில் கிடந்து கண்ணை மூடினாள். அன்றிலிருந்து வேலம்மைக்கு வேறு ஆசையே இல்லை. கணவன் மாசானம், "நீ வைத்தியச்சி ஆனா முதல் மருந்தை எனக்குத் தந்துராதே தாயே, நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும்" என்று கேலி பேசிக்கொண்டே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினான்.

அந்த ஆண்டு அவளோடு சேர்ந்து மூன்று பேர். மற்ற இருவரில் ஒருவர் கப்பலேறி அலுத்துப்போன சாத்தையன், இன்னொருவர் படையிலிருந்து விலகிய இருளாண்டி. மூவருக்கும் நாடி பிடிக்க மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆணுக்கு வலக்கையில் பார்க்க வேண்டும், பெண்ணுக்கு இடக்கையில் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம்.

தேர்வு நாளில் தலைமை வைத்தியர் திருமேனியார் சபையைக் கூட்டி அறிவித்தார்: "திரைக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். கையை மட்டும் நீட்டுவார். திரையை விலக்கக் கூடாது, அவரோடு பேசவும் கூடாது. அவருக்கு என்ன என்று உள்ளபடி சொல்பவருக்கே இடம். இது என் வாக்கு."

பெரியவர் இதில் ஒரு குசும்பு செய்திருந்தார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் கூடத்துத் தோட்டக்காரன் சுடலையைக் கூப்பிட்டுத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, "இடக்கையை நீட்டு. மூச்சுக் காட்டாதே" என்று சொல்லியிருந்தார். இடக்கையைக் கண்டதும் பெண் என்று ஏமாறுகிறார்களா, நோயே இல்லாதவனுக்கு ஒரு நோயைக் கட்டிவிடுகிறார்களா என்று பார்க்கத்தான்.

ஒருவர் நாடி பார்க்கும்போது மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். முதலில் சாத்தையன் போனார். "பெண்பிள்ளை. வாதம் மிஞ்சியிருக்கு" என்றார். திருமேனியார் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து இருளாண்டி. கையைத் தொட்டதுமே நிமிர்ந்தார். "மண்வெட்டி பிடிச்சுக் காய்ப்பு ஏறின ஆண்பிள்ளைக் கை இது. வலக்கையை நீட்டச் சொல்லுங்க." நீட்டமாட்டார் என்றார் திருமேனியார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இருளாண்டிக்குச் சூது புரிந்துவிட்டது. "நாடி கொஞ்சம் வேகமா ஓடுது. சபை நடுவுலே உட்காரவச்சா யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது? இவருக்கு நோய் ஒண்ணுமில்லே" என்றார். ஆள் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. திருமேனியார் முகம் மலர்ந்துபோயிற்று.

வேலம்மை முறை வந்தபோது அவளுக்கு ஒரு மண்ணும் பிடிபடவில்லை. இடக்கை என்பதால் பெண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். போச்சு, இனி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று கையை விடப் பார்த்தாள். அந்தக் கை அவளை விடவில்லை. சில்லென்று வேர்த்திருந்த விரல்கள் அவள் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டன.

"என்னக்கா, என்ன பண்ணுது உனக்கு?" என்றாள். அந்தப் பிடி இன்னும் இறுகியது. சபை 'ஆ' என்று வாய்பிளக்க, திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே சுடலை கண் செருகிச் சாய்ந்திருந்தான். மடியில் மறைத்திருந்த வலக்கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது, புறங்கையில் பாம்பின் பல் பதிந்த தடம் இரண்டு.

"ஐயோ, விஷம் ஏறிக் கிடக்காரு, ஓடி வாங்க!" என்று கத்தினாள்.

"வேலியிலே முள்ளு குத்திச்சுன்னு நெனச்சேன் தாயி," என்று முனகினான் சுடலை. "பேசக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாக."

கூத்தைப் பார்த்தீர்களா! பேர்போன வைத்தியர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவன் மரியாதைக்காகச் செத்துக்கொண்டிருந்தான். நல்ல வேளை, காலம் கடந்துவிடவில்லை. வைத்தியர்கள் எல்லாரும் விழுந்தடித்து ஓடிவந்து மருந்து கொடுத்தார்கள். பொழுது சாயும்போது சுடலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். அவன் கஞ்சி குடிப்பதைப் பார்த்ததில் வேலம்மைக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஆனால் இருளாண்டி கைகட்டி வந்து நின்றார். "சுடலை பிழைச்சது எனக்கும் சந்தோஷந்தான் ஐயா. ஆனா சொன்ன கட்டுப்பாட்டை நான் மீறலே. நீங்க மனசுலே வச்சிருந்த விடையை அப்படியே சொன்னேன். எனக்கும் இந்த ஒரு தடவைதான்."

அவர் சொல்வதும் நியாயம் என்றே வேலம்மைக்குப் பட்டது. ஆணை அக்கா என்று கூப்பிட்டவள், இரண்டு கட்டுப்பாட்டையும் மீறியவள், எந்த முகத்தோடு இடம் கேட்பாள்? தங்கையை நினைத்துக் கண் கலங்கினாலும், மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.

வாக்குக் கொடுத்தவர் திருமேனியார். இருப்பதோ ஓர் இடம். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே சொல்லுங்கள்: அந்த இடத்தை இருளாண்டிக்குக் கொடுப்பது சரியா, வேலம்மைக்குக் கொடுப்பது சரியா?

விடை: வேலம்மைக்கே. 'உள்ளபடி சொல்பவருக்கு' என்பதுதான் வாக்கு, 'நான் நினைத்தபடி சொல்பவருக்கு' என்பதல்ல. இருளாண்டி சொன்னது திருமேனியார் மனசில் இருந்ததை. சுடலை உடம்பில் இருந்ததைச் சொன்னவள் வேலம்மைதான். அந்த நாடி வேகமாக ஓடியதற்கு இருளாண்டி தானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார், அவள் ஆளையே கேட்டாள். ஆகவே கொடுத்த வாக்கு பொய்க்கவில்லை. ஆனால் கட்டுப்பாட்டை மீறியதும் மீறியதுதானே? அதற்குத் தண்டனையாக, மழைக்காலம் முடியும் வரை கூடத்துக்கு மருந்து இடிக்க வேண்டும் என்றார் திருமேனியார். வேலம்மை கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, "உலக்கை எங்கே இருக்கு ஐயா?" என்று கேட்டாள்.