கை எட்டும் தூரம்

“மேஸ்திரி, இந்தச் சாடிய நான் தூக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க.”

இசக்கியம்மா மண் சுரண்டும் கரண்டியைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஜோர்டான் நாட்டு மண்மேடு ஒன்றில் பழங்காலத்து வீடுகளைத் தோண்டிப் படிக்க வந்தவள். பாடம் சொல்ல வாத்தியார்மார் உண்டு. மண்ணைத் தொடக் கற்றுக்கொடுப்பவர் ஹம்தான் மேஸ்திரி. இரண்டு பேருக்கும் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி கைச்சாடை.

“மூணு மாசமா நொச்சு நொச்சுன்னு கேள்வி கேட்ட வாய், இன்னைக்கு மாட்டேங்குதே. என்ன?”

“உள்ள பச்சப்பிள்ள எலும்பு இருக்கு.”

“நாலாயிரம் வருசத்துப் பிள்ள அது.”

“எத்தன வருசமானா என்ன? பெத்த பிள்ளயக் கொண்டு வீட்டுத் தரைக்கு அடியிலயா புதைப்பாங்க? நித்தம் அதுமேல நடக்க மனசு வந்திச்சா அவளுக்கு?”

மேஸ்திரி அவள் முகத்தையே பார்த்தார்.

“உன் பிள்ள எங்க இருக்கு, தங்கச்சி?”

அவரிடம் அவள் ஒன்றுமே சொன்னதில்லை.

“தெரியாது. ஒன்பது நாள் இருந்தான். ஆம்பளைங்க துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க. பொம்பளைங்க வரக் கூடாதுன்னுட்டாங்க. பதினோரு வருசமாச்சு. எந்த இடம்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.”



சாடிமேல் மூடிக் கிடந்த தட்டைக் கல்லைக் காலையில்தான் எடுத்து ஓரமாய் வைத்திருந்தார்கள். மேஸ்திரி அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். பக்கத்திலேயே, நம்ம அம்மி மாதிரி, மாவரைக்கிற கல் ஒன்று தரையில் பதிந்திருந்தது.

“அதுக்கு முன்னால முட்டி போடு. அரை.”

“என்னத்த அரைக்க? குழவிகூட இல்ல.”

“இருக்குன்னு நெனச்சு அரை.”

முட்டி போட்டாள். இரண்டு கையாலும் வெறுங்காற்றைத் தள்ளினாள், இழுத்தாள். தள்ளினாள், இழுத்தாள். வெயில் முதுகில் ஏறியது.

“கை ஓஞ்சுபோச்சு, மேஸ்திரி.”

“ஓஞ்ச கைய எங்க போடுவே?”

இடது கை தானாகத் தரைக்கு இறங்கியது. தட்டைக் கல்லின்மேல் விழுந்தது.

கல்லின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். தடவித் தடவித் தேய்ந்த வழவழப்பு. அவள் உள்ளங்கை அதில் அப்படியே அடங்கியது.

ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு, வலது கையால் போனை எடுத்து ஊருக்குப் போட்டாள்.

“ஏங்க... நம்ம பிள்ளய எங்க வச்சிருக்கீங்க?”