அணிலம்மா போட்ட கட்டு

மலையில் பெய்த மழையால் காட்டு ஏரி நிரம்பிக்கொண்டே வந்தது. பெரிய மரங்களெல்லாம் போன புயலிலேயே விழுந்துவிட்டன. குட்டிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் உயரமாகப் பரண் கட்டியே ஆகவேண்டும்!

கரடியார் பருத்த தூண்களாகப் பார்த்து நட்டார். அவற்றின்மேல் பருத்த உத்தரங்களை ஏற்றினார். இரண்டும் சேரும் இடத்தில் பச்சைக்கொடியை ஒரே சுற்றுச் சுற்றிவிட்டு, "முடிந்தது வேலை!" என்று மார்தட்டிக்கொண்டார்.

பக்கத்திலேயே அணிலம்மா மூங்கில் பரண் கட்டினாள். முயல்கள் மூங்கிலை நட்டுக் கொடுத்தன. கட்டுப் போடுவதை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. பனைநாரை ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தாள். மூலைக்கு மூலை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள். இடுக்கில் ஆப்பும் அடித்தாள்.

"அடியே, ஒரு மூலைக்கு அரை நாளா? விளங்கினாற்போலத்தான்!" என்று கரடியார் சிரித்தார்.

"சிரியுங்கள் அண்ணே! நார் காயக் காய இறுகும். உங்கள் கொடி காய்ந்தால் தொளதொளத்துப் போகும். மேலே இருக்கப்போவது என் மூன்று பிள்ளைகளாக்கும்!"

"போடி, என் தூணைப் பார்த்தால் யானையே ஒதுங்கும்!"

இரண்டு நாள் வெயில் காய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் வெள்ளம் கரையை உடைத்தது. கூடவே பேய்க்காற்று! கரடியாரின் பரண் முன்னும் பின்னும் ஆடியது. ஆட ஆட மூலைகள் நெகிழ்ந்தன. பரண் ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியது. கரடியார் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தார். மேலே இருந்த அவருடைய இரண்டு குட்டிகளும் வீரிட்டன.

"ஐயோ, என் பிள்ளைகள்!"

"இங்கே ஏற்றுங்கள் அண்ணே! சீக்கிரம்!"

"இந்தக் குச்சிப் பரண் தாங்குமா?"

"தாங்கும்! கட்டியவள் நான்!"

குட்டிகள் ஏறின. கரடியாரும் ஏறினார். அடுத்த நொடி அவருடைய பரண் மடேரென்று சாய்ந்தது. மூங்கில் பரணோ காற்றில் லேசாக அசைந்து, அப்படியே நின்றது. அணிலம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு நாலு மூலையையும் சுற்றி வந்தாள்.

கரடியார் வெள்ளத்தில் பெயர்ந்து மிதந்த தம் தூண்களையே பார்த்தார். "ஒன்றுகூட முறியவில்லையே! பிறகு எப்படியம்மா சாய்ந்தது?"

"தூண் முறியவில்லை அண்ணே. தூணும் உத்தரமும் ஒன்றையொன்று விட்டுவிட்டன."

தூணும் உத்தரமும் எவ்வளவு பருத்திருந்தாலும், இரண்டும் சேரும் இடம் இறுகியிருந்தால்தான் கட்டடம் நிற்கும்.