குரோட்டன்ஸ் சிவந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. பூச்செடிகள் ஓயாமல் பேசும். குரோட்டன்ஸ் மட்டும் பேசாது. அதற்கு மணமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி பூவும் இல்லை. இலையெல்லாம் வெறும் பச்சை. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விடும்.

கடற்கரையில் சீனியம்மாளின் வாசலில் அப்படி ஒரு செடி நின்றது. அவள் கணவன் கடலுக்குப் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அவள் தினமும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கடலைப் பார்த்தபடி நின்றாள்.

ஒருநாள் நாத்தனார் பிச்சம்மாள் வந்தாள்.

“எந்தம்பியே போயிட்டான். உனக்கு இன்னும் என்ன மஞ்சளும் குங்குமமும்? கொண்டுபோய்க் கடல்ல கரைச்சிட்டு வா.”

ஊர் வழக்கம் அது. சீனியம்மாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செடி வரைக்கும்தான் கால் நடந்தது.

“அவுகளைத்தான் பிடிச்சு வச்சிருக்கு. இதையும் அந்தக் கடலுக்கே கொடுக்கணுமா?” என்று வாய்விட்டு அழுதாள்.

செடி முதன்முதலாகப் பேசியது. “எங்கிட்ட தா. பூவுக்குத் தந்தா சாயங்காலமே உதிர்த்திரும். நான் இலையில வச்சிருக்கேன். எதுவரைக்கும் வைக்கணும்?”

“அவுக வார வரைக்கும்.”

குடத்து நீரில் இரண்டையும் கரைத்து, செடியின் வேரில் ஊற்றினாள். அவள் நெற்றி வெறுமையானது. இலை நரம்பில் மஞ்சள் ஓடியது. பிறகு மெல்லச் சிவந்தது.

கடலில் கரைக்கவில்லை என்று சண்டைபோட வந்த பிச்சம்மாள் அதைப் பார்த்ததும் செடியருகே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அவன் கூடப்பிறந்தவன்தானே. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய், யார் கண்ணிலும் படாமல் கொல்லைப்புறத்து நிழலில் நட்டாள். கிளை வேர்விட்டது, ஆனால் பச்சையாகிவிட்டது.

“ஏன் இப்படி?” என்று கிளையிடம் கேட்டாள்.

“இங்கேருந்து கடல் தெரியலையே. யாருக்காகப் பொட்டு வைக்க?”

பிச்சம்மாள் விம்மிக்கொண்டே அதைத் தோண்டி எடுத்து, கடல் தெரியும்படி வெயிலடிக்கும் வாசலில் வைத்தாள்.

அவன் வரவில்லை. சீனியம்மாளும் காத்திருந்தே போய்ச் சேர்ந்தாள். இனிமேல் வரமாட்டான் என்று செடியிடம் சொல்ல மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று முதல்தான் குரோட்டன்ஸை ஒரு கிளை ஒடித்து வைத்தாலும் பிழைத்துக்கொள்கிறது. நிழலில் வைத்தால் நிறம் போகிறது. வெயிலில் பச்சையாகத் துளிர்த்து, மஞ்சளாகி, காத்திருக்கக் காத்திருக்கச் சிவக்கிறது.