தங்கத்தின் மேல் ஒரு துளி

“பச்சைப் பொய், மேடம்! அச்சில் ஏத்தின பச்சைப் பொய்!”

சூசைராஜ் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார். நாற்பத்தேழு வயது. கல்லூரி வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி பெருந்தேவிக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு.

“என்ன ஆச்சு சார்?”

“கோயம்புத்தூர்ல ஒரு சின்னப் பொண்ணு. மெகருன்னிசாவாம். தங்கப் படலத்து மேல தண்ணி விட்டா அப்படியே பரவுதுன்னு எழுதியிருக்கா. நாலு வருஷமா நான் பார்க்கிறேன், முத்து மாதிரி நிக்குது! அந்தத் தங்கத்துலேர்ந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க நான் சொன்னதைவிட அதிக ஆற்றல் வேணுமாம். அளக்கவே இல்லை மேடம். உட்கார்ந்த இடத்துலயே எண்ணை எழுதிட்டா.”

அவர்கள் ஆராய்ந்த படலம் தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அவ்வளவு மெல்லியதில் மேற்பரப்புதான் எல்லாம்.

சூசைராஜ் ஒரு தாளை நீட்டினார்.

“அவ பல்கலைக்கழகத்துக்குப் புகார். நீங்க கையெழுத்துப் போட்டா இன்னைக்கே போயிடும். அவ உதவித்தொகையை நிறுத்தினாத்தான் இதுகளுக்குப் புத்தி வரும்.”

பெருந்தேவி கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“படலம் தயாரானதும் என்ன பண்ணுவீங்க சார்?”

“டப்பாவுல போட்டு அடுத்த கட்டடத்துக்கு எடுத்துட்டுப் போவேன். அளக்கிற கருவி அங்கதானே இருக்கு.”

“நேராவா?”

“வழியில ஒரு டீ. அதுக்கென்ன இப்போ? டப்பா மூடித்தான் இருக்கும். தங்கம் என்ன, துருவா பிடிக்கப்போகுது?”

பெருந்தேவி ஒரு சுத்தத் தங்கத் தகட்டை இடுக்கியில் பிடித்து, செக்கச்சிவக்கும்வரை தீயில் காட்டினார். ஆறியதும் ஒரு துளி நீர் விட்டார்.

பரவியது.

“இது ஏதோ வித்தை,” என்றார் சூசைராஜ்.

பெருந்தேவி தகட்டை மறுபடி தீயில் காட்டி, ஆறவிட்டு, சூசைராஜின் டப்பாவிலேயே போட்டு மூடினார்.

“வாங்க, டீ குடிக்கலாம்.”

டீ தீரும்வரை சூசைராஜ் மெகருன்னிசாவைத் திட்டினார். பெருந்தேவி டீயைக் குடித்தார்.

திரும்பி வந்து டப்பாவைத் திறந்து ஒரு துளி விட்டார்கள்.

முத்து மாதிரி நின்றது.

சூசைராஜ் இடுக்கியைப் பிடுங்கித் தானே தீயில் காட்டினார். ஆறியதும் துளி விட்டார். பரவியது.

“என்ன படியுது இது மேல?”

“காத்துல இருக்கிற பிசுக்கு. நாம மூச்சு விடுறோமே, அதே காத்து. எலக்ட்ரான் உங்களுக்குச் சுலபமா வந்ததும் இதனாலதான்.”

“அப்போ நாலு வருஷமா நான் பிசுக்கையா அளந்தேன்?” அவர் முக்காலியில் உட்கார்ந்தார். “நீங்க எதுக்கு மேடம் இருக்கீங்க? ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டாமா?”

“சொல்லியிருக்கணும். ஆனா அந்தப் பொண்ணோட கட்டுரையைப் படிச்சுட்டு இன்னைக்குக் காலையிலதான் நானே செஞ்சு பார்த்தேன். உங்க மூணு கட்டுரையிலேயும் என் பேரும் இருக்கு சார்.”

சூசைராஜ் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

பெருந்தேவி கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினார்.

“அளந்து முடிக்கிறவரைக்கும் அழுக்குப் படியாம எப்படி வச்சுக்கிறதுன்னு எனக்கும் தெரியலை. அவகிட்ட கேளுங்க.”

“நானா? அந்தப் பொண்ணுகிட்டயா?”

“வேண்டாம்னா கொடுங்க, நான் கேட்கிறேன்.”

மறுமுனையில் “ஹலோ” என்று ஓர் இளங்குரல் கேட்டது.

சூசைராஜ் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“வணக்கம் மேடம்,” என்றார்.