அரண்மனைச் சுவரும் வரதுங்கன் கன்னமும்

வெகு காலத்துக்கு முன்னே, மழைக்குப் பேர்போன நெய்தலூர் நாட்டைச் செண்பகராயர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்தாக வேண்டும். மாமரம் அப்போதுதான் பூத்திருந்தாலும், அவர் கேட்டால் பழம் வந்தாக வேண்டும்.

அவர் புதிதாக ஒரு அரண்மனை கட்டினார். வெளிச்சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்து, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். ராஜாவின் பிறந்தநாளுக்குச் சரியாக வேலை முடிந்தது. முந்தின நாள் அந்த வருஷத்து முதல் மழையும் கொட்டித் தீர்த்தது. விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டுத் தூதர் சுவரை அண்ணாந்து பார்த்து, "இப்படி ஒரு வெள்ளையை நான் கண்டதே இல்லை" என்று ஆரம்பித்தார். பேச்சு முடியவில்லை. மேலேயிருந்து ஒரு பத்தை காரை பெயர்ந்து அவர் தலைப்பாகையில் பொத்தென்று விழுந்தது.

தூதருக்குக் காயம் இல்லை. ராஜாவுக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. உடனே சபையைக் கூட்டினார்.

கட்டட மேற்பார்வை வரதுங்கன் என்ற பிரபுவிடம் இருந்தது. எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரி ஆதிச்சரைக் கேட்கிறாரே என்று அவனுக்கு நெடுநாள் புகைச்சல். இதுதான் சமயம் என்று எழுந்தான்.

"அரசே, பூசியவர் காளத்திக் கொத்தனார். அவரைக் கூட்டி வந்தவர் நம் மந்திரி. நான் இதற்கு மேல் என்ன சொல்ல?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். சுவர் விழக் காரணமானவன் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார் ராஜா.

சபை ஓரத்தில் நின்ற காளத்திக்கு, வீட்டில் மனைவி நிறைமாதமாக இருப்பதுதான் நினைவுக்கு வந்தது. ஆதிச்சர் மட்டும் மெல்லச் சொன்னார்: "அரசே, ஏன் விழுந்தது என்று பார்த்துவிட்டுத் தண்டிக்கலாமே."

"நீர் சாந்தில் கலக்கிற மணல், கடுக்காய்ச் சாறு என்று தொடங்கினால் எனக்குக் கொட்டாவி வரும். என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நாளைக்குக் காட்டும். முடியாவிட்டால் அவரோடு நீரும் மூட்டை கட்டும்."

ஆதிச்சர் அன்று சாயங்காலம் காளத்தி வீட்டுக்குப் போய், நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை மந்திரி சபைக்கு ஒரு கிண்ணம் சந்தனத்தோடு வந்தார். "அரசே, முதலில் ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது. இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு சீக்கிரம் முடித்த வரதுங்கருக்கு என் கையால் சந்தனம் பூச வேண்டும்."

வரதுங்கனுக்கு உச்சி குளிர்ந்தது. "தோற்றுவிட்டோம் என்று மந்திரிக்கே தெரிந்துவிட்டது" என்று நினைத்துக்கொண்டு, முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

ஆதிச்சர் அவன் வலது கன்னத்தில் லேசாக ஒரு பூச்சு பூசினார். அது இறுகியதும் பன்னீர் தெளித்து, மேலே இன்னொரு பூச்சு. ஈரத்துணியால் மூடினார். மறுபடி கொஞ்சம் பன்னீர். இடது கன்னத்துக்கு வந்தபோது, மிச்சச் சந்தனம் முழுவதையும் அள்ளி ஒரே அப்பாக அப்பிவிட்டார்.

"எனக்கு அலங்காரம் நடக்கட்டும். கொத்தனார் விசாரணை என்னாயிற்று?" என்றான் வரதுங்கன்.

"இதோ முடிந்துகொண்டிருக்கிறது. உங்கள் கருத்தைத்தான் சொல்லுங்களேன்."

வெயில் ஏறியது. வரதுங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காளத்திக்குத் தொழில் தெரியாது" என்றான். இடது கன்னம் கீறல் விட்டது. "பூசத் தெரியாதவரை இங்கே கொண்டுவந்தவர்..." என்று அவன் குரலை உயர்த்தவும், சந்தனம் பாளம் பாளமாகப் பெயர்ந்து பட்டு வேட்டியில் விழுந்தது.

சபை சிரித்தது. ராஜா எழுந்து வந்து, துணியை விலக்கி வலது கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"ஒரே சந்தனம், ஒரே முகம்" என்றார் ஆதிச்சர். "மெல்லிசாகப் பூசி, ஈரம் காயாமல் காத்தது நிற்கிறது. அவசரமாக அப்பிக் காயவிட்டது விழுந்துவிட்டது."

ராஜா காளத்தி பக்கம் திரும்பினார். "நீர் ஏன் அவசரமாக அப்பினீர்?"

"நான் பூச்சு பூச்சாகத்தான் பூசணும்னேன் மகாராஜா. ஈரக்கோணி கட்டி, காலையும் மாலையும் தண்ணி விடணும்னேன். பிரபுதான் எல்லாத்தையும் ஒரே பூச்சா முடிக்கச் சொல்லி, கோணியையும் அவிழ்க்கச் சொன்னாங்க."

வரதுங்கன் துள்ளி எழுந்தான். "அரசே, நானாகச் சொல்லவில்லை. பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும் என்றது தாங்கள். கோணி கட்டிய அரண்மனை பிச்சைக்காரன் மாதிரி இருக்கிறது, அவிழ்த்துப் போடு என்றதும் தாங்கள்தான்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராஜாவுக்குத் தான் சொன்னது நினைவு வந்தது. காது சிவந்தது. "மந்திரி, நேற்றுக் கொடுத்த தீர்ப்புப்படி நான்தான் நாட்டை விட்டுப் போக வேண்டும் போலிருக்கிறதே" என்றார்.

"தாங்கள் போய்விட்டால் சுவருக்குத் தண்ணீர் விடுவது யார் அரசே?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆதிச்சருக்குப் போட்டார். காளத்தியை அருகே அழைத்து, "தவறு என்னுடையது. இனி இந்த அரண்மனையில் சுவர் விஷயம் எல்லாம் உம் சொல்படி" என்றார். காளத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

வரதுங்கனிடம், "என் பேச்சுக்குத் தலையாட்டியது போகட்டும். பழியை அடுத்தவர் தலையில் போட்டீரே, அதற்குக் குடம் சுமக்க வேண்டும்" என்றார்.

அந்த மழைக்காலம் ஓய்ந்ததும் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, காளத்தி அவசரமில்லாமல் புதிதாகப் பூசினார். அரண்மனை கோணி உடுத்திக்கொண்டு நின்றது. காலையும் மாலையும் வரதுங்கன் குளத்திலிருந்து குடத்தில் கொண்டுவருவான், ராஜா வாங்கிச் சுவரில் விடுவார். பார்க்க ஊரே கூடும். இதற்கிடையில் காளத்திக்குப் பெண் குழந்தை பிறந்து, தவழவும் தொடங்கிவிட்டது.

அடுத்த வருஷத்து மழை பேய் மழை. சுவரில் ஒரு பொட்டு உதிரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் காளத்தியைக் கூட்டிக்கொண்டு ராஜாவே சுற்றி வந்து, மயிரிழைக் கீறலையும் உடனே அடைக்கச் சொல்வார். இடுக்கில் முளைத்த ஆலங்கன்றைத் தன் கையாலேயே பிடுங்குவார்.

பிறகு அவருக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் விரல் முட்டியால் வெளிச்சுவரைத் தட்டி, உள்ளே காரை பிடிவிட்ட பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் படியேறுவார். வரதுங்கன் வீட்டில் மட்டும் சுவரைத் தட்டி முடித்த கையோடு, அவன் இடது கன்னத்தையும் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போவாராம்.